பூவும் தலையும்

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
வெள்ளி தேடிப் போகிறவள் நான்.
லிங்கன் நகரில், செங்குத்துத் தெருவின் அடியில்,
தேவாலயக் கூடத்தில் பச்சைத் துணி விரித்திருப்பார்கள்.
இரவு ஷிப்ட் முடிந்த கண் எரியும்.
எலும்பின் சாம்பல் நிழலில்
முடியளவு விரிசலைத் தேடுவது என் பிழைப்பு.
இங்கேயும் அதே கண், அதே சாம்பல்.

ஹாக்ஸ்பி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து காட்டுவார்.
நானூற்றைம்பது பவுண்டு. ராஜாவின் சுருள்முடி
நேற்றுத்தான் சலூனுக்குப் போய்வந்தது போல.
எப்படி இவ்வளவு புதிதாக என்பேன்.
"பானையில் கிடந்தது. எவனோ புதைத்தான்."
புதைத்தவன் திரும்பி வரவில்லை என்பதை
விலைச்சீட்டில் எழுத மாட்டார்கள்.
ஒரு ரொட்டி வாங்கியிராத காசு,
ஒரு கடன் தீர்த்திராத காசு.
அதன் அழகில் எனக்குக் கொஞ்சம் குளிர்கிறது.

எனக்கு உரியவை மேசைக்கு அடியில்,
ஐஸ்கிரீம் டப்பாவில்.
"தேறாதது" என்று மூடியில் அவரே எழுதியது.
ஒன்று ஐந்து பவுண்டு. மூன்று எடுத்தால் பன்னிரண்டு.

சிலுவைக் கோட்டோடு வெட்டிய அரைக் காசு ஒன்று.
சில்லறை கிடைக்காத சந்தையில்
யாரோ ஒருத்தி காசையே சில்லறையாக்கிவிட்டாள்.
அடித்தவன் பெயரும் கூடவே வெட்டுப்பட்டது.
"ரிக்" என்கிறது விளிம்பு.
மீதிப் பெயரை
வெங்காயம் விற்றவன் கொண்டுபோனான்.

ஓரம் சுரண்டிய பென்னி ஒன்று.
நகம் வெட்டுவது போல் சுற்றி வெட்டி
துணுக்குகளை உருக்கியிருக்கிறான் ஒருவன்.
அகப்பட்டால் தூக்குக் கயிறு.
அகப்பட்டானா, தெரியாது.
"உங்கள் மொழியில் இதற்கு என்ன சொல்?" என்றார் ஹாக்ஸ்பி.
நாணயம் என்றேன்.
வாக்குத் தவறாத குணத்துக்கும்
அதே சொல்தான் என்றேன்.
பென்னியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"அப்படியானால் இது முக்கால் நாணயம்."
போன காலுக்கு
விலையில் தள்ளுபடி தந்தார்.

நவம்பரில் வந்தாள் ஆறு பென்னி ராணி.
மூக்கில்லை, நெற்றியில்லை,
கன்னம் இருந்த இடத்தில் பௌர்ணமி.
இரண்டு இடத்தில் மடங்கி, அலைபோல் நெளிந்திருந்தாள்.
"காதலித்தவளுக்கு இப்படி வளைத்துக் கொடுப்பார்கள்,
அவள் செலவழித்துவிடக் கூடாது என்று.
நிமிர்த்தித் தரட்டுமா?"
தொடாதீர்கள் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
வளைவின் முதுகுதான் எல்லாவற்றையும் விட வழவழப்பு.
வளைத்த பிறகும் வருடக்கணக்கில்
பையிலோ இடுப்பிலோ உரசியிருக்கிறது.
வைத்திருந்திருக்கிறாள்.
அல்லது அவள் வாங்க மறுத்து
அவன் வைத்திருந்தானோ.

வீட்டில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான்
காதுக்குப் பின்னால் அது எழுந்தது:
ஒரு ரோஜா.
அடிப் பாவி, பூ வைத்திருக்கிறாய்!
பூவா தலையா என்றே கேட்கத் தெரிந்த என்னிடம்
பூவும் தலையும் ஒரே பக்கம் நின்று
இப்போது கேள் என்றது.

கிறிஸ்துமஸ் இரவுப் பணி யாருக்கு,
எனக்கா மார்னிக்கா?
காசு சுண்டலாம் என்றாள் அவள்.
அவள் பையில் கார்டுகள் மட்டும்.
ஊரில் யாரிடம் இருக்கிறது காசு?
என் சட்டைப் பையில் இருந்தது இது ஒன்றுதான்.
"தலை" என்றாள்.
"பூ" என்றேன், பழக்கதோஷம்.
எக்ஸ்ரே மேசையில் விழுந்து
வளைந்த முதுகில் தொட்டிலாய் ஆடியது.
முகம் வந்தால் இருவருக்கும் வெற்றி,
கேடயம் வந்தால் இருவருக்கும் தோல்வி
என்று நான் அவளுக்கு விளக்குவதற்குள்
கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்ட்ரெச்சர்.
பனியில் வழுக்கிய தபால்காரர். மணிக்கட்டு.

மார்னி அவர் முழங்கையைத் தாங்கினாள்.
நான் மேசையைக் காலி செய்தேன்,
இன்னும் ஆடிக்கொண்டிருந்ததை
எந்தப் பக்கம் என்று பாராமல்
உள்ளங்கையில் மூடி.