நீலம், நாலு சதம்

ஏலக் கடையில் எனக்குப் பட்டியல் எழுதும் வேலை.
கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டைக் காலி செய்த கிழமை
அலுமாரி இரண்டு, சாய்மனைக் கதிரை ஒன்று,
உடையாத பிங்கான் முப்பத்தொன்று
எழுதி முடித்து லாச்சியை இழுத்தேன்.
கணக்குக் கொப்பிகள், பதினொன்று.
மேலட்டையில் திருமதி ஜே. பி. கந்தப்பா.
‘வீட்டுச் செலவு, 1924 – 1938’ என்று போட்டேன்.
விலை போகாது.

மாசி அரை இறாத்தல். பாண். மண்ணெண்ணெய்.
கோயிலுக்கு மெழுகுதிரி. டோபிக்கு ஒரு ரூபா.
தாளைத் திருப்பினேன்.
மறுபக்கத்தில்
ஒரு டிராம் வந்து நின்றது.

கிராண்ட்பாஸ் டிராம். மழை இப்போதுதான் விட்டிருக்கிறது.
மிதிபலகையில் ஒரு கால், தெருவில் ஒரு கால்,
எந்தக் காலை நம்புவதென்று தெரியாத மீன்காரி.
கூடையிலிருந்து சொட்டும் நீரைக்
கொண்டக்டர் மட்டும் பார்க்கிறான்.

பிறகு குழாயடி. சண்டை முடிந்து
ஆட்கள் போய்விட்டார்கள்.
வாளிகள் முகம் திருப்பி நிற்கின்றன.

பிறகு காரீயக் கொட்டில்.
பெண்கள் குந்தியிருந்து கல் பொறுக்குகிறார்கள்,
முழங்கை வரை கரி, கரியின் மேல் மினுக்கம்.
அந்தக் கறுப்பைக் கடையில் வாங்கவில்லை.
தொட்டேன்; என் விரலும் மினுங்கியது.
நூறு வருடத்துக்குக் கிட்ட. இன்னும் ஒட்டுகிறது.

முப்பத்தோராம் ஆண்டு, வாக்குச் சாவடி.
முதல்முறை வந்த பெண்களின் வரிசை, பின்னாலிருந்து.
பதினேழு கொண்டைகள், ஒன்றுபோல் ஒன்றில்லை.
மறைப்புக்கு அப்பால் நிறப் பெட்டிகள்.
அவற்றுக்கு மட்டும் அவள் வண்ணம் கொடுக்கவில்லை.
எந்த நிறத்துக்குப் போட்டாள் என்பதை
என்னிடமும் சொல்ல மாட்டாள்.

ஒரு மருந்து ரசீதில் அவள் பெயர் கிடைத்தது:
ஸ்கொலாஸ்டிகா.

கணவன் துறைமுகத்தில் கணக்கர்.
மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்துச்
சிவப்பு மையில் கையெழுத்து வைத்திருக்கிறார்.
மை ஊறிய இடங்களில் எல்லாம், மறுபக்கத்தில்,
யாரோ வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை தவறாமல்: நீலம், நாலு சதம்.
டோபிக்குப் போடும் வீட்டில் நீலம் எதற்கு?
அவர் கேட்டாரோ, கேட்கவில்லையோ.
மழைவிட்ட வானம், வாளிகளின் நிழல்,
மீன்காரியின் சேலை, எல்லாம்
அந்த நாலு சதம்தான்.

முப்பத்துமூன்று மார்ச்:
சட்டம் போட, இரண்டு ரூபா.
கலைச் சங்கத்துக்குப் பதிவு, ஒரு ரூபா.
றிக்‌ஷா, பதினைந்து சதம்.
எட்டு நாள் கழித்து:
திருப்பி எடுத்துவர றிக்‌ஷா, பதினைந்து சதம்.
அதன் பின்புறம் வெறுந்தாள்.
பதினொரு கொப்பியிலும் அது ஒன்றுதான் வெறுந்தாள்.
அடுத்த தாளில் அந்த றிக்‌ஷாக்காரன்
தட்டில் ஊற்றிய தேத்தண்ணியை ஊதுகிறான்.
வண்டியின் இருக்கையில், பயணி மாதிரி,
கடதாசி சுற்றிய ஒரு சதுரப் பொதி.

பட்டியலைத் திருத்திக் கொண்டுபோனேன்.
“ஆர் இந்தப் பொம்பிளை? பேர் எடுத்த ஆளோ?”
“இல்லை ஐயா.”
“அப்ப கணக்கெண்டே போடும்.
அரிசி விலை ஆராயிற ஆரும் வாங்குவினம்.”

கடைசிக் கொப்பி, கடைசிச் சனிக்கிழமை:
நீலம், அறுபது சதம்.
எதையோ பெரிதாகத் தொடங்கியிருக்கிறாள்.
கொப்பிக்குள் அது இல்லை.
அலுமாரிக்குப் பின்னால் பார்த்தேன், மெத்தைக்கு அடியில்,
பரணில், கோழிக் கூட்டுப் பலகையில்கூட.

பின் அறையின் கிழக்குச் சுவர் மட்டும்
மற்றச் சுவர்களைவிடத் தடிப்பாக
வெள்ளை அடித்திருந்தது.
சுரண்டிப் பார்க்க எனக்கு அதிகாரமில்லை.
ஐந்து மணிக்குத்
திறப்பை ஒப்படைத்தேன்.