இடது பெட்டிக்கு வாக்கப்பட்டவள்

பதினோரு வருடமாக எங்கள் சோபாவில்
எனக்கு இடது ஓரம்.
நடு இடம் தூர்கெய்ருக்கு.
பெட்டிக்கும் பெட்டிக்கும் இரண்டேகால் மீட்டர்,
பெட்டியிலிருந்து அவர் மூக்குக்கும் அதே இரண்டேகால்.
அளந்து, தரையில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார்.
அந்த ஒரு தலைக்கு மட்டும்
பாடகி நடுவில் வந்து நின்று பாடினாள்.

எனக்கு அவள் எப்போதும்
இடது பெட்டிக்குள்ளேயே அடைந்து கிடந்தாள்.
வலப்பக்கத்து வயலின்காரர்கள்
பக்கத்து வீட்டு விருந்து மாதிரி.
வலது ஓரத்தில் வளர்ந்த இல்வா ஒருநாள் கேட்டாள்:
"இந்தப் பாட்டில் பியானோ இருக்கிறதா, அம்மா?"
நான் அந்தப் பாட்டில்
பியானோவைத் தவிர எதையும் கேட்டதில்லை.

நவம்பரில் அவர் ஹெலிகாப்டர் ஏறி
எண்ணெய் மேடைக்குப் போனார்.
பதினான்கு நாள்.
கிறிஸ்தியான்சுன்டில் மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்;
ஜன்னலில் ஈரப்பனி வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது.
பின்னிக்கொண்டிருந்த கையுறையைப் பாதியில் விட்டு
சிவப்பு நூல்கண்டை எடுத்தேன்.

காது ஒரு சோம்பேறி நீதிபதி.
யார் முதலில் வந்து நிற்கிறானோ
அவன் சாட்சியோடு வழக்கை முடித்துவிடும்.
பக்கத்துப் பெட்டிக்கு முந்தி வருவது சுலபம்.
எட்ட இருக்கிறவன் மூச்சிரைக்க வந்து சேரும்போது
சபை கலைந்திருக்கும்.

அப்படியென்றால்,
கிட்ட இருப்பவன் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும்.
எட்ட இருப்பவன் என்னை நேராகப் பார்த்துப் பேசட்டும்.
ஒருவன் முந்தினால் இன்னொருவன் உரக்க,
கணக்கு சரியாகிவிடும்.

இடது பெட்டியை இல்வாவின் பக்கம் திருப்பினேன்.
வலது பெட்டியை என் பக்கம்.
இரண்டு மூக்கிலும் நூலைக் கட்டி
எதிரெதிர் ஓரத்துக்கு இழுத்தபோது
காப்பி மேசைக்கு மேலே
நூல்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன.
ராஸ்க் அதில் கால் சிக்கி
வலது பெட்டியோடு சமையலறை வரை போகப் பார்த்தது.
மறுபடி கட்டினேன்.
சுவரை விட்டு ஒரு முழம் முன்னால் நகர்த்தினேன்,
டபுள்பாஸ் மூலையில் கிடந்து முனகாமல் இருக்க.

ஆறாவது நாள் ராத்திரி
இல்வா அவள் ஓரத்தில், நான் என் ஓரத்தில்.
பாடகி எழுந்து வந்தாள்.
தீவுக்கும் தீவுக்கும் நடுவே போகிற படகு போல,
எந்தக் கரையில் நின்று பார்த்தாலும்
நடுத்தண்ணீரில்.
நாங்கள் இருவரும் ஒரே இடத்தைக் கை காட்டினோம்.
அந்த இடத்தில் ஒரு அணைந்த மெழுகுவர்த்தி இருந்தது.

தூர்கெய்ர் திரும்பி வந்தார்.
குளித்தார், மீன் சாப்பிட்டார்,
பென்சில் புள்ளிகள் காலியாய்க் கிடப்பதைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் நடுவில் உட்கார்ந்தார்.
"சிம்பலில் ஒரு மினுக்கு குறைகிறது" என்றார்.
உண்மைதான். குறைகிறது.
இரண்டு பெட்டியும் இப்போது அவரைக்
கடைக்கண்ணால்தான் பார்க்கின்றன.

அடுத்த பாட்டுக்கு எழுந்து போய்
பீர் எடுத்துக்கொண்டு வந்தார்.
அதற்குள் நடு இடத்தை ராஸ்க் பிடித்துவிட்டது.
நாயை எழுப்பச் சோம்பி
என் பக்கமாக, என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.
பாட்டு பாதி போயிருக்கும்,
கழுத்தை நீட்டி மெழுகுவர்த்தியைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.
"இத்தனை நாள் இங்கே என்ன கேட்டாய்?"

பியானோ, என்றேன்.

மறுநாள் பென்சில் புள்ளிகளை
அவரே ரப்பர் வைத்து அழித்தார்.
ஒன்று போகவில்லை; அதன் மேல் பூந்தொட்டி.

அடுப்போர நாற்காலிக்கு மட்டும்
இன்னும் வழி பிடிபடவில்லை.
எத்தனை திருப்பினாலும் அங்கே
பாடகி புகைபோக்கிக்குள்தான் நிற்கிறாள்.
அதில் உட்காரும் ஒட்வாருக்கு
கேக்கில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுக்கிறோம்.