அளவு வாரியாக

மூன்று முறை அனுப்பினார்களாம்,
மூன்று முறையும் திரும்பிவிட்டதாம்.
தாதர் லேபிலிருந்து அந்தப் பெண் இந்தியில் சொல்கிறாள்,
உங்கள் பெட்டியில் இடமில்லை, மேடம்.

ஆன்டாப் ஹில்லில் பத்துக்குப் பதினைந்து அறை.
இரவுப்பணி நர்ஸ் ஷைனி பகலெல்லாம் தூங்கும் கட்டிலில்
இரவு நான் படுக்கிறேன், அவள் தலை எண்ணெய் வாசனையோடு.
இடமில்லை என்று எனக்குச் சொல்ல
ஒரு லேப் வேண்டுமா?

நேரில் வருகிறேன் என்றால்
கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர்.
வந்ததும் எனக்குத் தள்ளிவிடுங்கள், போனிலேயே பார்த்துவிடுகிறேன்
என்றிருக்கிறார் டாக்டர்.
எட்டரைக்குள் காலி செய்யுங்கள்,
இன்னொரு தடவை அனுப்புகிறேன் என்றாள்,
வீட்டுக்காரர்களின் அதே குரலில்.

அளவு வாரியா அடுக்கும்மா, என்றான் ஜெரின்,
பெருசு மேலே வரும்.

வந்தது.
முதலில் கார்கர் ஃபிளாட், இருபத்து நான்கு எம்பி.
நீச்சல் குளம், அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தை,
பதினாலாவது மாடியிலிருந்து தெரியப்போகிற மலை.
ஐம்பத்தோராயிரம் கட்டினேன்.
மலை இருக்கிறது.
அழி.

மஸ்கட்டிலிருந்து எபனேசர்.
யாருடைய காரிலோ சாய்ந்து நிற்கிறான்.
ஒரே படம் நான்கு தடவை.
படம் வைக்க மறந்துட்டேன்க்கா, இதோ, என்று ஐந்தாவது,
அதில் மட்டும் படமில்லை.
அழி, அழி.

கொரோனா வருஷத்து வீட்டுப்பாடம்
அறுநூற்றுச் சொச்சம் போட்டோ, பாதி தலைகீழ்.
ஒன்றையாவது வைத்துக்கொள்வோம் என்று திறந்தால்
மராத்தியில் எறும்பைப் பற்றி ஐந்து வரி,
ஓரத்தில் என் கட்டைவிரல்.
எட்டிப் பார்த்தவன், சீ, தூக்கிப்போடும்மா, என்றான்.

மஸ்ஜித் பந்தர் ஆபீஸின் சம்பளச் சீட்டுகள்.
ஆபீஸ் இல்லை. பி.எஃப். பணமும் இன்னும் வரவில்லை.
நீங்கள் இருங்கள்.

கீழே போகப் போக எம்பி கேபியாகிறது.
கடைசிப் பக்கத்தில், மூன்றே கேபியில், அருள்தாஸ்.
"சாவி வாட்ச்மேனிடம் கொடுத்திருக்கிறேன். தேட வேண்டாம்."
பதினோரு வருஷம்
இதன் மேல்தான் படுத்து எழுந்திருக்கிறேன்.
அழித்தால் அந்த எறும்பின் ஒரு வரிக்குக்கூட
இடம் கிடைக்காது.
கிடக்கட்டும்.

எட்டு ஐந்து.
இன்னும் நிரம்பித்தான் இருக்கிறது என்கிறது.
அழித்ததெல்லாம் குப்பையில் கிடக்கிறதாம்,
குப்பையும் கணக்கில் சேருமாம்.
சரிதானே. தேவ்னார் மேட்டில் கொட்டிவிட்டால்
ஊரை விட்டா போய்விடுகிறது?

நிரந்தரமாக நீக்கவா என்று கேட்கிறது.
நிரந்தரம் என்ற சொல்லை இந்த ஊரில்
படிவங்களில்தான் பார்த்திருக்கிறேன்,
முகவரி என்பதற்கு முன்னால்.
அதன் எதிரே விளாத்திகுளம் என்று எழுதுவேன்.
அங்கே எனக்கென்று ஒரு கதவுகூட இல்லை.

அமுக்கினேன்.
சின்னச் சக்கரம் சுற்றியது,
சுற்றியது,
மழைக்கு நெட் போய் வந்து மறுபடி சுற்றியது.
பதினோரு ஜிபி காலி.
என் பெயரில் இவ்வளவு இடத்தை நான் பார்த்ததில்லை.
ஒரு துணிக்கயிறு கட்டலாம் போலிருந்தது.

ஒன்றரை சென்டிமீட்டர் என்றது ஸ்கேன், இடது பக்கம்.
கேட்டவர்கள் எல்லோரும் சின்னதுதானே என்றார்கள்.
ஷைனி மட்டும் சொல்லவில்லை.
அன்று டியூட்டிக்குக் கிளம்புமுன்
கட்டில் விரிப்பைத் துவைத்துப் போட்டிருந்தாள்.

எட்டு இருபத்தேழுக்கு வந்தது.
இன்னும் திறக்கவில்லை.
ஓரத்தில் போட்டிருக்கிறது,
இருநூற்றுப் பன்னிரண்டு கேபி.
கார்கரைவிடச் சின்னது.
அருள்தாஸைவிடப் பெரிது.