கேட் திறக்கும் வரை

ஊசி போடுகிற கை இது என்று
நாலாம் வகுப்புக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.
நான் நுழைந்ததும் முன்வரிசை
இரண்டு வரிசை பின்னால் போய் உட்கார்ந்தது.

பையைக் கவிழ்த்துக் காட்டினேன். ஊசி இல்லை.
பத்து ரூபாய் சோப்பு,
தேங்காயெண்ணெயில் குழைத்த குங்குமம்,
ஒரு துண்டு.

துவாரகாவின் கெண்டைக்காலில்
விரல் நுனியால் நாலு பல் வைத்தேன்.
யாரோ "லொள்" என்றான்.
வகுப்பு குரைத்து ஓய வெகுநேரம் ஆயிற்று.

நாய் கடித்தால் என்ன போடுவீர்கள்?
காப்பித்தூள், என்றது ஜன்னலோரம்.
மிளகாய்த்தூள். சுண்ணாம்பு. மஞ்சள்.
எங்கப்பா போட்டு டீசல், என்றான் ஆரோன்.
ஒரு சமையலறையையே கொட்டிவிட்டார்கள்.
துவாரகா காலை இழுத்துக்கொண்டாள்.

குழாயடிக்குப் போனோம்.
சோப்பு, நுரை, ஓடுகிற தண்ணீர், திரும்பவும் சோப்பு.
பதினைந்து நிமிடம், என்றேன்.
அது எவ்வளவு மிஸ்?

பள்ளிக் கடிகாரம் பொங்கலுக்கு முன்பே நின்றுபோனது.
பதினாறாம் வாய்ப்பாடு பத்துத் தடவை, என்றாள் ஒருத்தி.
பதினாறாம் வாய்ப்பாடு ஒருத்தருக்கும் தெரியவில்லை.
துறைமுகத்தில் ஒரு கூடை சங்கரா ஏலம் போகிற நேரம்:
ரொம்பக் கொஞ்சம் என்று தள்ளுபடியானது.
கடைசியில் முடிவு,
முதுநகர் ரயில்வே கேட் மூடித் திறக்கிற நேரம்.
பாசஞ்சரா கூட்ஸா என்று ஒரு சண்டை.
கூட்ஸ், என்று தீர்ப்பு சொன்னேன்.

குங்குமம் போயிடுச்சு, நிறுத்தலாமா?
கேட் இன்னும் திறக்கலையே.

எல்லோரும் வகுப்புக்குத் திரும்பிய பிறகு
தேசிங்கு மட்டும் குழாயருகே நின்றான்.
அரைக்கால் சட்டையைக் கொஞ்சம் ஏற்றினான்.
தொடையில் இரண்டு புள்ளி.
அதன்மேல் காய்ந்த காப்பித்தூள்,
இரண்டு ரூபாய் பாக்கெட்,
அவனே வாங்கி அவனே வைத்தது.

எப்போ?
முந்தாநாள். தூங்கிட்டிருந்தப்ப மேல விழுந்துட்டேன்.
அம்மாவிடம் சொன்னியா?
இல்லை.
அடிப்பாங்களா?
என்னை இல்லை மிஸ். பிஸ்கெட்டை.
அடிச்சே கொன்னுடுவாங்க.

இதற்கு நான் பையில்
எதுவும் கொண்டுவந்திருக்கவில்லை.

ஈரத் தரையில் உட்கார்ந்தேன்.
ரெண்டு நாள் ஆனாலும் கழுவணும், என்றேன்,
யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல்.
கேட் மூடியது.
நுரை பழுப்பாகி, பிறகு வெளுத்தது.

பாதியில் குழாய் இருமியது.
நூலானது. சொட்டானது.
டேங்க் காலி, என்று எங்கிருந்தோ வாட்ச்மேன்.

நான் கூப்பிடவே இல்லை.
ஆரோன் தன் பாட்டிலோடு வந்தான்.
பின்னால் ஒரு நீல பாட்டில்,
மூடி தொலைந்த ஒன்று,
டாக்டர் பொம்மை ஒட்டிய ஒன்று.
ஒருவர் முடிய ஒருவர் சரித்தார்கள்,
தாரை அறுபடாமல்.
ஒரு பாட்டிலில் எலுமிச்சை ஜூஸ்.
அதை மட்டும் துவாரகா தடுத்தாள்:
"சமையலறை வேண்டாம்."

ஒருவனும் தேசிங்குவின் முகத்தைப் பார்க்கவில்லை.
தண்ணீரையே பார்த்தார்கள்.

தலைமையாசிரியர் அவன் அம்மாவுக்குப் போன் செய்தார்.
பத்து நாள் கட்டி வைத்து
சோறு போட்டுக் கவனிக்கச் சொல்லுங்கள்,
அடிக்க வேண்டாம், என்றேன்.
போனின் அந்தப் பக்கம்
சத்தமே இல்லை.

ஸ்கூட்டியில் பெரியாஸ்பத்திரிக்கு.
இன்னைக்கு ஒண்ணு,
மூணாம் நாள், ஏழாம் நாள்,
இருபத்தெட்டாம் நாள்.
இருபத்தெட்டுக்கும் நீங்கதானா?
நான்தான்.
பிஸ்கெட்டுக்கும் ஊசி உண்டா?
உண்டு. வேற டாக்டர்.
அது அழாது, என்றான்.

கரும்பலகையில் முதலில் சோப்பு என்று எழுதியிருந்தேன்.
அதற்கு மேலே
ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கலாம்.

எங்களுக்கு முன்னால் கேட் மூடியது.
லாரிகள் அணைந்தன.
மல்லாட்டை விற்கிறவன் கண்ணாடிப் பக்கம் வந்து போனான்.
ஈரக் காலை விரித்து வைத்துக்கொண்டு
என் முதுகுக்குப் பின்னாலிருந்து
தேசிங்கு பெட்டிகளை எண்ணினான்,
முப்பத்தாறு, முப்பத்தேழு.

"கூட்ஸுதான் மிஸ்."