ஏழாம் படுக்கை

ரீகா நகரம், ஆற்றுக்கு அக்கரை, மூன்றாம் மாடி.
மிர்ட்ஸா, முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவள்.
என் கையில் படிவம்:
வலி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு?
"முதலில் உட்கார்."
நின்றபடி கேட்டவர்களுக்கெல்லாம்
நான்கு என்றே சொல்லி அனுப்பியிருக்கிறாள்.
உட்கார்ந்தேன்.
"எட்டு" என்றாள்.

பிறகு வந்தவை எதற்கும் படிவத்தில் கட்டமில்லை.

லிஃப்டுக்குள் என்னைப் பின்பக்கமாய் இழுக்காதே.
எத்தனை வருடம் தண்டவாளம் என் முகத்துக்கு நேரே வந்தது!
இப்போது எங்கே போனாலும்
முதுகுதான் முதலில் போய்ச் சேர்கிறது.

'நாம் மாத்திரை போட்டுக்கொள்வோமா' என்கிறாளே காலைப் பெண்,
அவளும் போட்டுக்கொள்கிறாளா, கேள்.

கடிகாரத்தைக் கழற்றாதே.
கை மெலிந்தால் வாரில் இன்னொரு துளை போடு.

பக்கத்து வீட்டு ஸைகாவின் ஜாம் ஜாடிகள் ஆறு,
என் சமையலறையில் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன்.
மகனிடம் சொல்லாதே. அழுவான், மறந்துவிடுவான்.
நீ போய்க் கொடு.

டாக்டரிடம் எத்தனை நாள் என்று கேட்டாள்.
அவர் மகனைப் பார்த்தார்.
"அவனுக்கு ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்."
இரண்டு வாரம், குறையவும் செய்யலாம்.
"நன்றி" என்றவள் மகன் பக்கம் திரும்பி
"முடி வெட்டிக்கொள்" என்றாள்.

ஞாயிறன்று வந்த பாதிரியார்
கடைசி நிறுத்தம் என்று ஏதோ ஆரம்பித்தார்.
சிரித்ததில் அவளுக்கு இருமல் வந்துவிட்டது.
"டிராமுக்கு ஏது ஐயா கடைசி நிறுத்தம்?
வட்டமடித்துத் திரும்ப வேண்டியதுதான்.
ராத்திரியில் டிப்போ.
அங்கே ஒருத்தி வாளியோடு நிற்பாள்.
பனிச்சேறு, எச்சில்,
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறை,
எல்லாம் அவள் பாடு."
வெகு நேரம் பேசவில்லை.
"அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
நானும்தான்."

அன்று இரவு என் பெயர் என்னவென்று கேட்டாள்.
ஒன்பது நாளாய் என் சட்டையில்தான் தொங்குகிறது.
சொன்னேன். "இனெஸெ."
ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிரேக்கை எடுத்துவிட்டுக் கட்டிலைத் திருப்பினேன்,
கால் ஜன்னல் பக்கமாக.
ஆக்ஸிஜன் குழாய் எட்டவில்லை;
நீளமானதைத் தேடி இரண்டு மாடி இறங்கினேன்.
வந்தபோது வெளியே பனி
நேராக அவள் முகத்துக்கு வந்துகொண்டிருந்தது.
"வைப்பர் எங்கே?" என்றாள்.

வியாழன், விடிய நாலேகால்.
அவள் கடிகாரத்தில் நாலு பதினெட்டு.

லிஃப்டுக்கு நான்தான் கொண்டுபோனேன்.
வராந்தாவில் தள்ளுவண்டியைத் திருப்ப இடமில்லை,
ஒரு செடித்தொட்டியை நகர்த்த வேண்டியிருந்தது.
அவள் கால் முன்னால்.
அதைப் பிடித்தபடி
பின்பக்கமாய் நடந்து நான் உள்ளே போனேன்.

ஜாடிகள் ஐந்துதான் இருந்தன.
ஸைகாவிடம் சொல்லவில்லை.
ஒன்றைக் கடையில் வாங்கிச் சேர்த்தேன்.
மூடியின் நிறம் வேறு.