பற்றவைத்தல்

சீஸ் ஆலை கழித்துவிட்ட பால்தொட்டி
சௌக்கின் களஞ்சியத்துக்குப் பின்னால் கிடந்தது.
எவர்சில்வர். இரண்டு மில்லிமீற்றர்.
மூன்று மாரி மழையில் கிடந்தும் முகம் பார்க்கலாம்.
சும்மா எடு என்றார்.
'சும்மா' என்ற சொல்லை என்னிடம்தான் படித்தவர்.

நாலு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.
கோட்டுப் பையில் எண்ணெய்க்காரனின் பில்.
ட்ரூப்ஷாகெனில் ஒக்ரோபரிலேயே
இல்ஃபிஸ் ஆற்றின்மேல் மூச்சு எழும்பிவிடும்.

எவர்சில்வர் துருப்பிடிக்காது, உண்மை.
ஆனால் சூடும் உப்பும் இழுப்பும் ஒன்றாய்ச் சேர்ந்தால்
ஒட்டின் ஓரம் மயிர்க்கோடாய் வெடிக்கும்,
ஒரு சொல் சொல்லாமல்.
அப்படி ஒரு குழாயை அறுத்துப் பார்த்திருக்கிறேன்,
வெளியே மினுக்கம், உள்ளே கறுப்பு வேர்கள்.
வெறும் இரும்பு என்றால்
முதலில் சொறியும், பிறகு கசியும்,
கசிந்த இடத்தில் தரையெல்லாம்
செம்மஞ்சளாய் முறைப்பாடு எழுதிவைக்கும்.
எனக்குப் புலம்புகிற உலோகம் வேண்டும்.

லாங்னாவில் கொதிகலன் தகடு வாங்கினேன், ஆறு மில்லி.
நாலு போதுமே என்றான் கடைக்காரன்.
எத்தனை குளிர்காலத்துக்கு என்று கேட்டேன்.
குனிந்து ஆறு என்று எழுதினான்.

மூலைகளை வெட்டி ஒட்டவில்லை,
அங்கேயே மடித்துத் தரச் சொன்னேன்.
தீ நக்கும் இடத்தில் தையல் விழக்கூடாது.
காற்சட்டை தைக்கிறவனுக்கும் தெரியும்
எந்த இடம் முதலில் இழுபடும் என்று.

வேலையில், ரயில்பெட்டிக் கூடத்துக்குள்,
வாயுக் கவசத்தோடு ஒட்டுகிறவள் நான்.
இங்கே மலைக்காற்று அந்த வாயுவை வழித்துக்கொண்டுபோய்
பசுக்களுக்குக் கொடுத்துவிடும்.
ஆகவே குச்சி.
அதுவும் ஈரம் தாங்காத குச்சி,
கொஞ்சம் நனைந்தாலும் ஒட்டு மறுநாள் பிளக்கும்.
முந்நூறு பாகையில் இரண்டு மணிநேரம் வேக வேண்டும்.
சனிக்கிழமை எங்கள் போறணையில் நாற்பது குச்சி.
ரொட்டித் தட்டோடு நின்றார் குகதாசன்.
எத்தனை மணிக்கு இறக்குவீர்?
மா இன்னும் கொஞ்சம் புளிக்கட்டும் என்றேன்.

உள்ளே ஒரு ஓட்டம், வெளியே இரண்டு.
கசடு தானே சுருண்டு எழும்பிய இடங்களில்
சுத்தியலுக்கு வேலையில்லை.
மற்ற இடங்களைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

உச்சியில் வாய் திறந்த குழாய் ஒன்று.
மூடிக் கட்டிய வெந்நீர் குண்டு,
கோபம் வெளியேற வழி வேண்டும்.

சோதனைக்கு மட்டும் அந்த வாயை அடைத்தோம்.
மேட்டு ஊற்றிலிருந்து சௌக்
பத்து மீற்றர் உயரத்துத் தண்ணீரை இழுத்துப் பூட்டினார்.
காற்றை விட்டோம். காத்திருந்தோம்.
சாம்பல் வாசலுக்கு இடப்பக்கம்
ஒரு துளி, பிறகு அதன் தங்கை.
அந்த இடம் எனக்குத் தெரியும்.
குச்சி முடிகிற நேரம் தொலைபேசி அடித்தது,
குழியை நிரப்பாமல் கையை எடுத்தேன்.
மகள். சாவி எங்கே என்று கேட்டாள்.

வடித்தோம். அரைத்தோம். உலர்த்தினோம்.
திரும்ப ஒட்டி, திரும்ப நிரப்பி,
திரும்ப வடித்தோம்.
மூன்றாம் முறை இருட்டிவிட்டது,
சௌக் டார்ச் பிடித்தபடி பேசாமல் நின்றார்.
விரலால் தடவினேன். காய்ந்திருந்தது.

இரும்பை ஒட்டினாலும் பற்றவைத்தல்தான்,
விறகை மூட்டினாலும் பற்றவைத்தல்தான்.
கணக்குப் புத்தகத்தில் இடப்பக்கம் பற்று.
இந்த வருடம் மூன்றும் என் பெயரில்.

ஞாயிறு காலை பீச் விறகு.
பத்து நிமிடத்தில் உட்சுவரெல்லாம் நனைந்தது.
ஒழுகுது, ஒழுகுது என்று தன் மொழியில் கத்தினார்.
குளிர்ந்த நீர் நிற்கிற இரும்பு
முதல் தீயில் வேர்க்கும் என்றேன்.
வேர்வையா ஒழுக்கா, எப்படித் தெரியும்?
அறுபது பாகை தாண்டினால் வேர்வை நிற்கும்,
ஒழுக்கு நிற்காது.

பால்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் இருவரும் உட்கார்ந்தோம்.
ஐம்பத்தொன்று.
அவர் சுருட்டு ஒன்றைத் தேடினார்.
ஐம்பத்துநாலு.