வெறும் எடை

லாரி மேடையேறி நின்றதும்
இலக்கங்கள் சற்றே துள்ளி அடங்கும்.
பதினெட்டு டன் எழுநூற்றுச் சொச்சம்.
குலைகளைக் கொட்டிவிட்டு வரும்போது
ஒன்பது டன்.
கழித்து எழுதத்தான் எனக்குச் சம்பளம்,
பீடோர் செம்பனை ஆலையின் எடைச்சாவடியில்
பதினோரு வருடமாய்.

எந்தக் கழித்தலிலும் அகப்படாதவை
ரேடியேட்டர் வலையில் இருக்கும்,
என்ஜின் சூட்டில் அப்பளமாய்க் காய்ந்து,
மஞ்சள், வெள்ளை, கால்வாசி நீலம்.
முதல்முறை
புருவம் திருத்தும் இடுக்கியால் ஒன்றை எடுத்தபோது
டிரைவர் துரைசிங்கம் சன்னலில் தலைநீட்டி
"வண்டிக்கும் பேன் பாக்குறியா, கோகிலவாணி?" என்றார்.
மறுவாரம் அவரே கொண்டுவந்தார்,
நான் கொடுத்த எடைச்சீட்டையே முக்கோணமாய் மடித்து.
உள்ளே ஓர் இறக்கை முழுசாய்,
மற்றது பாதி.

இரவுச் சாப்பாட்டுக்குப் பின்
மேசையைத் துடைத்து பிஸ்கட் டின்னைத் திறப்பேன்.
அடியில் ஈரமணல், இரண்டு சொட்டு டெட்டால்,
மேலே ஒரு தட்டு,
தட்டில் விறைத்துப்போனவர்கள்.
இரண்டு நாளில் மூட்டு இளகும்.
அவசரப்பட்டால் ஒடியும்,
நாள் தவறினால் பூசணம்.
ஒரு தீபாவளி வாரம் முழுக்கப் பூசணமாய்ப் போனது.

மீன்கடை வெள்ளைப் பெட்டியை அறுத்து
நடுவே கீறிய பள்ளம். பள்ளத்தில் உடல்.
மார்பில் ஓர் ஊசி, சாயாமல்.
பிறகு
இறக்கையில் விரல் படாமல்
தடித்த நரம்புக்குப் பின்னால் ஊசிமுனை கொடுத்து
மெல்ல மெல்ல மேலே தள்ளணும்,
முன்னிறக்கையின் கீழ்விளிம்பு
உடம்புக்குச் செங்குத்தாய் வரும்வரை.
மேலே எண்ணெய்க்காகித நாடா,
நாடாவைச் சுற்றி ஊசிகள்.
உணர்கொம்பு ஒடிந்தால் பசை.
ஒருமுறை ஒன்றின் கொம்பை இன்னொன்றுக்கு ஒட்டிவிட்டேன்.
இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அந்த நேரம் விசிறி ஓடாது.
என் கணவர் உள்ளறையில் வியர்த்துக் கிடப்பார்.
இதைப்பற்றி அவர் சொன்ன கருத்து
அவ்வளவுதான்.

உயிரோடு எந்தப் பூச்சியும்
இப்படி இருந்ததில்லை,
பறக்கும்போதும் சரி, பூவில் அமரும்போதும் சரி.
ஐசி படம் எடுக்கையில்
காது ரெண்டும் தெரியணும், சிரிக்காதே என்றார்களே,
அந்த மாதிரி.

போன வியாழன்
கெலிண்டான் புவனேசன் நீட்டிய சீட்டு கனமாயிருந்தது.
கனம் என்பது என் பேச்சு,
மேடைக்கு அது தெரியாது.
பனையரசன். உள்ளங்கை அகலம்.
எண்ணெய்க் கறை இல்லை, கருகல் இல்லை,
ஒரு செதில்கூட உதிரவில்லை.
"அந்திக்கு மூணாம் டிவிஷன்ல பறந்துச்சுக்கா.
ரேடியேட்டர்லதான் மாட்டுச்சு" என்றான்,
நான் கேட்காத கேள்விக்கு.

விளக்கில் திருப்பினேன்.
மார்பின் இரு பக்கமும் குழி.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
சந்திக்கிற இடம்.

திட்டியிருக்கலாம்.
"அழகா இருக்குடா" என்றேன்.
காது சிவக்க லாரியில் தொற்றிக்கொண்டான்.

இதன் மேல்பக்கம் வெறும் தவிட்டு நிறம்.
உள்ளதெல்லாம் அடியில்தான்,
வெளிர்ப் பட்டைகள், கண்போல் சில பொட்டுகள்.
அதனால் முதன்முறையாக
ஒன்றை மல்லாத்திக் குத்தினேன்.
மூன்று வாரம் காயணும்.
எறும்புக்குப் பயந்து
மேசையின் நாலு காலும்
தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கின்றன.

இனி குறிப்பு எழுதணும்.
இடம், தேதி, பிடித்தவர்.
இத்தனை நாளும் மூன்றாவது வரியில்
லாரி எண்ணைத்தான் எழுதிவந்தேன்.

பட்டைகளுக்கு நடுவே
அந்த இரண்டு குழிகளும்
பளிச்சென்று தெரிகின்றன.
பேனா மூடியைக் கழற்றி
வெகுநேரம் ஆகிவிட்டது.
விசிறியைப் போடலாமா என்று
உள்ளிருந்து கேட்கிறார்.